ஒன்றரைப் படி

அத்தியாயம் 9

ஞானம்மாள் இறந்து இன்றோடு பதினாறு நாள். மணவாளன் இன்னும் அழவில்லை.

வாரம் தவறாமல் படித்து வருகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இந்த வாரம்தான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் புத்தகத்தைப் பிரித்திருப்பவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது 1966-ஆம் வருடத்து மார்ச் மாதம். ஆறு வருடத்துக்கு முன்புவரை திருத்தணியும் நகரியும் ஒரே ஜில்லாவில் இருந்தன. பிறகு நடுவில் எல்லை போட்டு, திருத்தணியை நம் மாநிலத்திலும் நகரியை அடுத்த மாநிலத்திலும் சேர்த்தார்கள். ஜனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் கொடுப்பது, எடுப்பது, சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது எல்லாம் பழையபடியே நடந்தன. அரிசித் தட்டுப்பாடு வந்து, ஒரு மாநிலத்து அரிசி அனுமதி இல்லாமல் இன்னொரு மாநிலத்துக்குப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் எல்லை கண்ணுக்குத் தெரிந்தது.

நகரி ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கில். ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு ரசீதுப் புத்தகம். ஒற்றைப்புளி செக்போஸ்ட் என்று அதற்குப் பெயர்.

நமக்கு வருகிற அரிசியை நாமே எதற்காகப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். செக்போஸ்ட்டிலும் தினம் பத்துப் பேர் கேட்டார்கள். வெளி அரிசியை வாங்குவது சர்க்கார் வேலை, தனி ஆள் கொண்டுவந்தால் அது கள்ள மார்க்கெட்டுக்குத்தான் போகும் என்பது ஆபீஸ் பதில். கையோடு ஆளுக்கு ஒரு படி வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் கால் படி இருந்தாலும் மொத்தமும் பறிமுதல்.

அந்தக் கொட்டகையில் ரசீது எழுதுகிற தற்காலிக குமாஸ்தாதான் மணவாளன். வயது இருபத்தாறு. நெசவாளி துளசிங்கத்தின் ஒரே மகன்.

அவன் அம்மா பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவையும் வாய்க்கரிசியும் வரவேண்டும். அந்த வீட்டு வழக்கப்படி அரிசி ஒன்றரைப் படி. ஒரு படி வாய்க்கு, அரைப் படி வழியில் இறைக்க. அதில் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஞானம்மாளின் உயிர் பிரிந்தது காலை ஏழு மணிக்கு. ராத்திரி டியூட்டியும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த மணவாளனுக்கும், அந்தப் பக்கம் இருக்கிற தாய்மாமன் பக்தவச்சலத்துக்கும் சேதி சொல்லும்படி நகரி பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்கள். நகரிக்குப் போகிற பஸ்ஸை ஒற்றைப்புளியில் நிறுத்துவதில்லை. வருகிற பஸ்ஸைத்தான் நிறுத்துவார்கள். ஆகவே மாமனுக்குச் சேதி முதலில் போயிற்று. அவர் திரும்பி வந்த பஸ்ஸில்தான் மகனுக்கு வரவேண்டும். அதைச் சொல்கிற பொறுப்பைக் கண்டக்டர் மாமனிடமே விட்டுவிட்டான்.

அந்தப் பக்கத்து செக்போஸ்ட்டில், சாவு என்றதும் மூட்டையைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் மணவாளன் மூட்டையை வாங்கித் தராசில் வைத்தான். நிறுத்தான். ரசீது எழுதினான். அரிசி உள்ளே போயிற்று. ஞானம்மாளின் வாயில் பக்கத்து வீட்டு அரிசியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாமன் அன்றைக்குச் சொன்னது ஒரே வாக்கியம். "அரிசிய எடுத்துக்கினாங்க." யார் எடுத்தது என்பதைக் கண்டக்டர்தான் டீக்கடையில் சொன்னான். மூன்றாம் நாள் பால் தெளித்ததும் மாமன் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய மகள் மணியம்மையைத்தான் மணவாளனுக்குப் பேசி, வருகிற தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்கள். அதைப் பற்றியும் அவர் ஒன்றும் பேசவில்லை.

இப்போது ஊரில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. அம்மா செத்துப்போனாள் என்று மாமன் அங்கே சொன்னாரா, சொல்லவில்லையா? தெரிந்துதான் நிறுத்தானா, தெரியாமல் நிறுத்தானா?

மணவாளனுக்கே அது தெரியாது. தராசுத் தட்டு ஞாபகம் இருக்கிறது. எடைக்கல்லின் மேல் நடந்துகொண்டிருந்த ஒரு எறும்பு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு தன் வீட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. எத்தனை முறை தேடினாலும் அந்த எறும்பு வரைக்கும்தான் போக முடிகிறது.

துளசிங்கம் அன்றையிலிருந்து மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

காலை ஏழு மணிக்கு ஆபீஸ் பியூன் முனியன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு நின்றான். காரிய வீட்டுக்கு வந்து கூப்பிடுகிறோமே என்கிற கூச்சம் அவனுக்கு இருந்தது. அரை மணி நேர வேலை, கையெழுத்துதான், சப்ளை அதிகாரி காத்துக்கொண்டிருக்கிறார் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

பத்தரைக்கு ஆற்றங்கரையில் காரியம். பதினொன்றரைக்கு வீட்டில் உருமால் கட்டு. தாய்மாமன் வந்து மருமகன் தலையில் புதுத் துண்டைக் கட்டினால்தான் துக்கம் கழிந்ததாக அர்த்தம். மாமன் வருவாரா என்பதே தெரியாமல் வீடு காத்துக்கொண்டிருந்தது.

ஆர்.கே.பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா அம்சா, "போய்ட்டு சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னாள். துளசிங்கம் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிக்கு விழுந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மணவாளன் சட்டையை மாட்டிக்கொண்டு முனியனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனான். மழித்த தலையில் பதினாறு நாள் முடி முளைத்திருந்தது. வெயில் அதில் சுரீரென்று பட்டது. சுடுகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சப்ளை அதிகாரி கங்காதரன் கெட்ட மனிதர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பெண்கள், சர்க்கரை வியாதி. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்காருகிறவர். மணவாளனை உட்காரச் சொன்னார். காரிய நாள் அன்று கூப்பிட்டதற்கு வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

மேலே சிவப்பு மையில் அவசரம் என்று எழுதியிருந்தது. சட்டசபைக் கேள்வி.

"உணவு அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பார்களா? (அ) ஒற்றைப்புளி செக்போஸ்ட்டில், இறந்துபோன ஒரு பெண்மணிக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்த வாய்க்கரிசி பறிமுதல் செய்யப்பட்டது உண்மையா? (ஆ) உண்மையெனில், சாவு என்று தெரிவிக்கப்பட்ட பிறகும் பறிமுதல் செய்யப்பட்டதா? (இ) அந்த அரிசி இப்போது எங்கே இருக்கிறது?"

டீக்கடையில் கண்டக்டர் சொன்னது ஒரு பத்திரிகையில் நாலு வரியாக வந்து, அதை ஒரு எம்.எல்.ஏ. பிடித்துக்கொண்டார். மணவாளன் இரண்டு தடவை படித்தான். 'ஒரு பெண்மணி' என்பது யாரென்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது.

கங்காதரன் நிதானமாக விளக்கினார். செக்போஸ்ட் நிரந்தரமானதல்ல. அதற்கான பணமும், அதில் வேலை செய்கிற பதினோரு பேரின் சம்பளமும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும்தான். அடுத்த வருடத்துக்கு வேண்டுமானால் சபையில் மறுபடியும் ஓட்டுப் போட்டுத் தரவேண்டும். திங்கட்கிழமை உணவு இலாகாவின் மானியக் கோரிக்கை சபைக்கு வருகிறது. அதே திங்கட்கிழமை காலையில் இந்தக் கேள்வியும் வருகிறது. ஆமாம், சாவு என்று தெரிந்தே வாய்க்கரிசியைப் பிடித்தோம் என்று அமைச்சர் எழுந்து நின்று சொன்னால், மத்தியானம் அந்தச் செக்போஸ்ட்டுக்கு யார் பணம் தருவார்கள்? அதோடு, தெரிந்து பிடித்த குமாஸ்தா யார் என்று ஒரு விசாரணை வரும். தற்காலிக ஆளுக்கு விசாரணையே தேவையில்லை, ஒரு வரிக் கடிதம் போதும்.

பதில் ஏற்கனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. அதற்கு ஆதாரமாக மணவாளனின் வாக்குமூலம் வேண்டும். அதுவும் டைப் அடித்திருந்தது.

"அரிசி கொண்டுவந்தவர் என் உறவினர். ஆயினும் மரணத்தைப் பற்றியோ வாய்க்கரிசி என்றோ என்னிடம் எதுவும் கூறவில்லை. அளவு வரம்புக்கு மேற்பட்டிருந்ததாலும், விற்பனைக்கு எனக் கருத இடமிருந்ததாலும் விதிப்படி பறிமுதல் செய்தேன்."

மணவாளன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விற்பனைக்கு. மாமன் அரிசி விற்கிற ஆள். கடத்தல்காரர் என்று எழுதவில்லை, அவ்வளவுதான் மிச்சம்.

"எனக்கு அன்னிக்கு நடந்தது ஞாபகம் இல்ல, சார். அவரு சொன்னாரா இல்லையான்னே தெரியல" என்றான்.

கங்காதரன் மடித்த காலைக் கீழே இறக்கினார்.

"நான் அன்னிக்கு ஜீப்ல வந்து உன் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன், மணவாளன். எனக்கு ஞாபகம் இருக்குது. அவரு சாவுன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நானே விடச் சொல்லியிருப்பேன். நீ தெரியாமதான் செஞ்ச. உன் மேல தப்பு இல்ல."

உன் மேல் தப்பு இல்லை. பதினாறு நாளாக இந்த நாலு வார்த்தையை அவனிடம் யாரும் சொல்லவில்லை. தெருவில் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை, அவனும் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டதும் நெஞ்சுக்குள் எங்கோ மரத்துக்கிடந்த இடத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடின மாதிரி இருந்தது. தெரியாது. தெரியாமல்தான் நிறுத்தான். தெரிந்திருந்தால் எந்த மகன் நிறுப்பான்?

ஆனாலும் ரசீதுப் புத்தகத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டான். மேல் பிரதி மாமனிடம் போயிருக்கும். அடியில் கார்பன் பிரதி புத்தகத்தில் இருக்கவேண்டும். காரணம் எழுதுகிற கட்டத்தில் தான் என்ன எழுதினோம் என்று பார்த்தால் ஏதாவது ஞாபகம் வரலாம்.

கொட்டகை ஒழுகி அந்தப் புத்தகம் நனைந்துவிட்டது, ஒன்றும் படிக்க முடியவில்லை, மேலே அனுப்பியாகிவிட்டது என்றார் கங்காதரன். சொல்லும்போது மேஜை மேலிருந்த குண்டூசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்தில் எந்த மழை என்று மணவாளன் கேட்கவில்லை. புத்தகத்தைக் கேட்டான் என்பதை அவன் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். வற்புறுத்தவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டான். பேனா மூடியைத் திருகி மூடினான். முனியன் உறையை வாங்கி ஒட்டி, பத்து மணி வண்டிக்கு எடுத்துக்கொண்டு ஓடினான். சாயங்காலத்துக்குள் சென்னையில் கொடுத்துவிட வேண்டுமாம்.

வெளியே வந்தபோது மலைமேல் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பதினாறு நாளும் அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வீட்டில் அம்சா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காரியத்துக்கென்று பர்மிட் வாங்கி, முந்தாநாள் ரேஷன் கடையில் மூன்று மணி நேரம் நின்று ஆறு படி வாங்கி வந்திருந்தாள். தடித்த அரிசி. பழுப்பு நிறம், புழுங்கின வாடை. அதற்கு நடுவில் அங்கங்கே சன்னமாக, வெள்ளையாக, வேறு ஏதோ அரிசி கலந்திருந்தது.

அவள் ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். கிச்சிலிச் சம்பா. தாய்மாமன் நிலத்தில் விளைகிறது அதுதான். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் தின்ற சோறு.

இது அம்மாவுக்கு வந்த அரிசிதான் என்று யார் சொல்ல முடியும்? எல்லைக்கு அந்தப் பக்கம் பாதிப் பேர் கிச்சிலிதான் போடுகிறார்கள். ஒற்றைப்புளியில் பிடிபடுகிற அரிசி எல்லாம் ஒரே கிடங்கில் கொட்டி, ஒரே மூட்டையில் கட்டி இங்கேதான் வருகிறது. அம்சா அந்தச் சன்ன மணிகளை மட்டும் தனியாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட ஆரம்பித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. கை போயிற்று.

மணவாளன் உள்ளே வந்து காப்பி கேட்டான். அவனாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டதே அம்சாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை குறைச்சல் என்றான். இத்தனை நாளும் உப்பைப் போட்டுக் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பான்.

"மாமா எங்கிட்ட சொல்லவேயில்லக்கா. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் எடை போட்டுருக்கேன்" என்றான்.

"யாரு சொன்னாங்க?"

"ஆபீஸர். பக்கத்துலயே நின்னுகினு இருந்தாராம்."

அம்சா முறத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு ஞாபகம் வந்துடுச்சா?"

"இல்ல."

"ஞாபகம் இல்லன்றதும் சொல்லலன்றதும் ஒண்ணாடா?"

அவன் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அம்சாவுக்குத் தம்பி மேல் கோபம் இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அவன் முகத்தில் தெரிந்த அந்தத் தெளிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாளும் மரக்கட்டை மாதிரி இருந்தானே, அதுவே தேவலை என்று தோன்றியது.

துளசிங்கம் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

மாமன் வந்தார்.

காரியம் முடிந்து ஆற்றங்கரையிலிருந்து எல்லாரும் ஈரத்தோடு திரும்பியபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. ஒற்றைப்புளியில் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். உள்ளே ஒரு புதுத் துண்டும் வெற்றிலை பாக்கும் மட்டும்தான் இருந்தன. துளசிங்கத்தைப் பார்த்து, தங்கை புருஷனைக் கூப்பிடுகிற முறையில் "பாவா" என்று ஒரு வார்த்தை சொன்னார். துளசிங்கம் தலையாட்டிவிட்டு மறுபடியும் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மணியம்மை வரவில்லை.

மணவாளன் மாமனின் முகத்தை நேராகப் பார்த்தான். நேற்று வந்திருந்தால் அது அவனால் முடியாத காரியம். இப்போது முடிந்தது. நீங்கள் என்னிடம் சொல்லவில்லை, என் மேல் தப்பில்லை என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம் போல இருந்தது. கூடவே, காலையில் போட்ட கையெழுத்தும் ஞாபகத்துக்கு வந்தது. விற்பனைக்கு எனக் கருத இடமிருந்ததாலும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

கூடத்தில் மணை போட்டு அவனை உட்கார வைத்தார்கள். பங்காளிகளில் பெரியவர் துரைக்கண்ணு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு நடத்தினார். வெற்றிலை பாக்கு என்றார். மாமன் தட்டில் வைத்தார். துண்டு என்றார். வைத்தார்.

"பொறந்த வூட்டு அரிசி."

மாமன் தட்டில் எதையும் வைக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு படி வரைக்கும் கொண்டுவரலாமே, அதையாவது கொண்டுவந்திருக்கலாம் என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் முணுமுணுத்தாள்.

"எங்க வூட்டு வழக்கம் ஒண்ணரைப் படி" என்றார் மாமன், அந்தப் பக்கம் திரும்பாமலே. "ஒரு படி கொண்டாந்தா சட்டத்துக்குச் சரி, எந்தங்கச்சிக்குக் கொறை. ஒண்ணரைப் படி கொண்டாந்தா இந்தப் புள்ளைக்குக் கஷ்டம். அதான் இதைக் கொண்டாந்தேன்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். அரிசி வைக்கிற இடத்தில் வைத்தார்.

துரைக்கண்ணுவுக்கு எழுத்து தெரியாது. என்னது இது என்று எடுத்து அம்சாவிடம் கொடுத்தார். அம்சா எட்டாவது வரை படித்தவள். பிரித்து, தெரு ஜனம் முழுக்க நிற்கிறது என்பதை மறந்து, சத்தமாகவே படித்துக்கொண்டு போனாள்.

"பறிமுதல் ரசீது. ஒற்றைப்புளி. கொண்டுவந்தவர், பக்தவச்சலம். பொருள், அரிசி, கிச்சிலி. எடை, இரண்டு கிலோ இருநூறு. எதற்காகக் கொண்டுவரப்பட்டது..."

அங்கே நின்றுவிட்டாள். பிறகு காகிதத்தைத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

அவன் கையெழுத்துதான். ற-வின் வாலைக் கீழே இழுத்து விடுகிற அதே பழக்கம். கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழிந்திருந்தது.

'என் அம்மா இறந்துவிட்டது. அதற்கு வாய்க்கரிசி.'

கீழே மணவாளன் என்று கையெழுத்து. நேரம் பதினொன்று நாற்பது. 'அம்மா' என்கிற இடத்தில் மை ஊறிப் பரவியிருந்தது.

தெரிந்துதான் நிறுத்திருக்கிறான்.

மணவாளன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எறும்புக்கு அப்புறம் என்ன என்பது இப்போதும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அதற்கு இனி அவசியமும் இல்லை. எழுதியவனே சாட்சி.

மாமன் குனிந்து புதுத் துண்டை எடுத்து அவன் தலையில் சுற்ற ஆரம்பித்தார். குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"நான் சேதி சொன்னதும் நீ ஒண்ணும் பேசல, மாப்ளே. ஜீப்பாண்ட நின்ன ஆபீஸரு, எடை போடுன்னாரு. நீ போட்ட. அழுதுகினே போட்ட. அழுதுகினேதான் இதையும் எழுதின. கண்ணுல தண்ணி கொட்டுது, கை பாட்டுக்கு எழுதுது. அதப் பார்த்துட்டுதான் நான் சண்டை போடல. மூட்டைய உட்டுட்டு வந்துட்டேன்."

அம்சா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பதினாறு நாள். தம்பி கல்நெஞ்சன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

மாமன் துண்டின் முனையைச் செருகினார். "எம்.எல்.ஏ. ஆளுங்க இந்தச் சீட்டைக் கேட்டு ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்துட்டாங்க. நாளைக்கும் வர்றாங்களாம். நான் குடுக்கல. உன் வேலைக்குக் கெடுதல்னா இப்பவே கிழிச்சி அடுப்புல போட்டுடலாம். உங்கம்மாவுக்குப் பேசணும்னா குடுத்துடலாம். நீதான் எழுதின. நீயே சொல்லு."

காகிதம் மணவாளனின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. கிழிப்பதற்கு ஒரு வினாடி போதும். கிழித்துவிட்டால் காலையில் போட்ட கையெழுத்துதான் உண்மை. மாமன் அரிசி விற்கிறவர், தான் ஒன்றும் அறியாதவன். திங்கட்கிழமை அமைச்சர் எழுந்து அதைப் படிப்பார். சபைக் குறிப்பில் அது அச்சாகும். பதினோரு பேருக்கு ஏப்ரல் மாதச் சம்பளம் வரும்.

கிழிக்காவிட்டால், அதே சபையில் ஒரே குமாஸ்தாவின் இரண்டு கையெழுத்துகள் ஒன்றை ஒன்று பொய்யாக்கும்.

"பத்து மணி வண்டி" என்றான் மணவாளன்.

யாருக்கும் புரியவில்லை. மாமன், "இன்னாப்பா?" என்றார்.

"மணவூரு தாண்டியிருக்கும், இந்நேரம்."

தறிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. துளசிங்கம் எழுந்து வந்துகொண்டிருந்தார். கையில் பிரித்த நூல் அப்படியே இருந்தது. கூட்டம் தானாக வழி விட்டது. மணைக்கு முன்னால் வந்து நின்று, உருமால் கட்டிய மகனைப் பார்த்தார். பிறகு, பதினாறு நாளில் முதல் தடவையாக அவனிடம் வாயைத் திறந்தார்.

"அந்த வண்டில இன்னாடா அனுப்பின?"